பத்து ரூபாய் நோட்டும் கள்ள ஐந்நூறும்

"ஒரிஜினல் வேணோ, லோக்கல் மதியோ?"

திருவனந்தபுரம் பழவங்காடியில எலக்ட்ரானிக்ஸ் உதிரிச் சாமான் வாங்கப் போன யாருக்கும் இந்தக் கேள்வி புதுசு இல்ல. டிரான்சிஸ்டர் கேட்டாலும் வரும், கெப்பாசிட்டர் கேட்டாலும் வரும். கடைக்காரர் ஒளிவுமறைவே இல்லாம கேப்பார். அப்படிக் கேட்டுடறாரே, அதுவே பெரிய மனசுதான். எனக்கு ஆத்திரம் எல்லாம் நம்ம ஆளுங்க சொல்ற பதில் மேல.

"லோக்கல் மதி சேட்டா. ஹாபிக்குத்தானே!"

இந்த "ஹாபிக்குத்தானே"வை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், காபி போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

அதே ஆள் பழவங்காடி பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் வாங்கறதைப் பாத்திருக்கீங்களா? காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்ப்பார், விரலால தட்டிப் பார்ப்பார், இது வேண்டாம்னு வேற ஒண்ணு எடுப்பார். அடுத்த நிமிஷம் உடைக்கப் போற தேங்காய்க்கு இவ்வளவு பரிசோதனை! பையன் கையில ரெண்டு வருஷம் இருக்க வேண்டிய சாமானுக்கு விலையைக் கேக்கறது மட்டும்தான் பரிசோதனை.

முதல்லயே சொல்லிடறேன், நான் பி.காம். கரூர்க்காரன், பேங்க்ல ஆபீசர், மாத்தலாகி இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. "வட்டிக் கணக்கு போடற ஆளுக்கு டிரான்சிஸ்டர் பத்தி என்ன தெரியும்?"னு சில பேர் கேக்கலாம். ஒன்பதாங்கிளாஸ்லேருந்து சால்டரிங் அயர்ன் பிடிக்கிற கை சார் இது. தவிர, இந்த விஷயத்துல பாதிதான் எலக்ட்ரானிக்ஸ். மீதிப் பாதி சுத்தமான கணக்கு.

போன வருஷம் நடந்த கதையைச் சொன்னாத்தான் என் கோபம் புரியும். இங்க நம்ம தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தறோம் (பேர் வேண்டாமே). கோடை லீவுல பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு வைக்கலாம்னு முடிவாச்சு. எட்டாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் 24 பேர். முதல்ல தண்ணித் தொட்டி நிரம்பினா கத்தற அலாரம். அப்புறம் ஆர்டுயினோ போர்டு வச்சு வெப்பநிலை காட்டற கருவி. கிட்டுக்கு மூணு கொட்டேஷன் வந்தது. ஒரு பிள்ளைக்கு 560 ரூபாய், 790 ரூபாய், 3,200 ரூபாய்.

கமிட்டியில ரெண்டு கட்சி. சாலைக் கடைத்தெருவுல வியாபாரம் பண்ற அண்ணாச்சி ஒருத்தர் 560 கட்சி. "ஒரு வாரம் விளையாடிட்டு மூலையில போடப் போற சாமான். இதுக்குப் போயி எதுக்கு சார் கூடக் குடுக்கணும்?" டெக்னோபார்க்ல வேலை பாக்கற தம்பி 3,200 கட்சி. "அண்ணே, வாங்கினா ஒரிஜினல் இத்தாலி போர்டு வாங்கணும். இல்லைன்னா வகுப்பே வேண்டாம்." நான் 790 எடுக்கலாம்னேன். நடுவுல நிக்கறவன் பேச்சு எந்தக் கமிட்டியில எடுபட்டிருக்கு? 560 ஜெயிச்சது. தலைக்கு 230 ரூபாய், 24 பிள்ளைக்கு 5,520 ரூபாய் மிச்சம். (230! நம்ம வீட்டு கரண்டும் அதே எண்தான். ஷாக் அடிக்கப் பொருத்தமான மிச்சம்.)

கிட் வந்து பிரிச்சோம். பிரெட்போர்டு ஓட்டையில ஒயரைச் சொருகினா, பல்லு விழுந்த கிழவன் வாயில முறுக்கு மாதிரி ஆடுது. ஒயரோட முனைகிட்ட ஒரு காந்தத்தைக் கொண்டு போனா ஓடிவந்து ஒட்டிக்குது. செம்பு காந்தத்துல ஒட்டுமா? உள்ள இரும்பு, மேல செம்புப் பூச்சு. மடக்கி நிமித்தினா நாலாவது தடவை உள்ளுக்குள்ளயே ஒடியும், வெளியில தெரியாது. டிரான்சிஸ்டர் மேல பிசி547ன்னு அச்சு அடிச்சிருக்கு, ஆனா பாதிக்குக் கால் வரிசை வேற. புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரி சொருகினா வேலை செய்யாது. ரெண்டாம் நாள் சாயந்திரம் 24 பேர்ல 9 பேர் அலாரம் கத்தவே இல்ல.

அதுல ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு. சர்க்யூட்டை மூணு தடவை பிரிச்சு மூணு தடவையும் சரியாவே கட்டியிருந்தா. மூணாம் நாள் காலையில அவ மேஜைக்குப் போய், டிரான்சிஸ்டரைக் கழட்டி மல்ட்டிமீட்டர்ல போட்டுப் பாத்துட்டு, என் டப்பாவுலேருந்து வேற ஒண்ணை வச்சேன். அலாரம் தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துச்சு. அவ மரியாதைக்கு ஒரு சிரிப்பு சிரிச்சா. மறுநாள் வரல. ரெண்டாம் நாள் ராத்திரியே அம்மாகிட்ட சொல்லிட்டாளாம்: "எனக்கு இதெல்லாம் வராதும்மா. நான் காமர்ஸே எடுத்துக்கறேன்."

காமர்ஸ் எடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல, என்னையே பாருங்க. ஆனா அதை ஒரு போலி டிரான்சிஸ்டர் முடிவு பண்ணக் கூடாது.

இங்கதான் "ஹாபிக்குத்தானே" கட்சி முழுசாத் தலைகீழா நிக்குது. முப்பது வருஷம் அனுபவம் உள்ள மெக்கானிக் கையில போலிச் சாமானைக் குடுங்க. அஞ்சு நிமிஷத்துல சாமானைச் சந்தேகப்படுவார், தூக்கிப் போட்டுட்டு வேற எடுப்பார். நஷ்டம் அஞ்சு ரூபாய். அதையே கத்துக்குட்டி கையில குடுங்க. அது சாமானைச் சந்தேகப்படாது, தன்னைத்தான் சந்தேகப்படும். புத்தகம் சரி, வாத்தியார் சரி, சாமான் மேல பேர் அச்சடிச்சிருக்கு. அப்ப தப்பு யார் மேல? நல்ல சாமான் நிபுணருக்குத் தேவைப்படறதை விடக் கத்துக்கிற பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை. நாம உல்ட்டாவா செய்யறோம்.

சரி, அப்ப டெக்னோபார்க் தம்பி சொன்ன மாதிரி 3,200 குடுத்துடலாமா? அதுவும் இல்ல. பேங்க் பாஷையில சொல்றேன்.

பத்து ரூபாய் நோட்டு மலிவான நோட்டு. ஆனா அது நல்ல நோட்டு. பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்குமோ அது கண்டிப்பாக் கிடைக்கும். கள்ள ஐந்நூறு ரூபாய் நோட்டு வேற ஜாதி. கவுண்டர்ல நீங்க நீட்டற கட்டுல அப்படி ஒண்ணு மாட்டினா, கள்ள நோட்டுன்னு முத்திரை குத்திப் பறிமுதல் பண்ணி ஒரு ரசீது குடுப்போம். கணக்குல ஒரு பைசா ஏறாது. ஒரே தடவையில அஞ்சோ அதுக்கு மேலயோ வந்தா போலீஸ்ல எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லணும், ரிசர்வ் பேங்க் விதி. பத்து ரூபாய் நோட்டை நீட்டினதுக்காக யார் மேலயாவது எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கோமா?

எலக்ட்ரானிக்ஸ்லயும் அதேதான். மலிவு ஒரு குற்றம் இல்ல. அடுத்தவன் பேரை மேல எழுதிக்கிட்டு வர்றதுதான் குற்றம். "ஒரிஜினல், லோக்கல்"னு ரெண்டு டப்பா இருக்கிற வரைக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. லோக்கல் டப்பாவுக்குள்ள நேர்மையான பத்து ரூபாயும் இருக்கும், கள்ள ஐந்நூறும் இருக்கும்.

ஆர்டுயினோ போர்டையே எடுத்துக்கங்க. 2005 வாக்குல இத்தாலியில இவ்ரேயாங்கிற ஊர்ல பிறந்தது. அதோட வரைபடத்தை அவங்களே ஊருக்குப் பொதுவாத் திறந்து வச்சிருக்காங்க. யார் வேணும்னாலும் அதே மாதிரி செஞ்சு விக்கலாம், சட்டப்படி. அவங்க பேரையும் முத்திரையையும் மட்டும் போட்டுக்கக் கூடாது. ஆக, தன் சொந்தப் பேர் போட்டு வர்ற மலிவு போர்டு திருட்டு மால் இல்ல, பத்து ரூபாய் நோட்டு. அதுல யு.எஸ்.பி.க்காக சிஎச்340ன்னு ஒரு சில்லு இருக்கும். சீனாவுல நான்ஜிங் கம்பெனி ஒண்ணு செய்யறது. அடிமாட்டு விலை, ஆனா அது தன்னை சிஎச்340ன்னுதான் சொல்லிக்குது. அதுக்கான டிரைவரைப் போட்டா வேலை செய்யும். "சைனா மால்"னு மூக்கைச் சுளிக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுல படறதே இல்ல. அவங்க கையில இருக்கிற போன் எங்க செஞ்சதுன்னு கேட்டுப் பாருங்க.

இதே வேலைக்கு ஸ்காட்லாந்து கம்பெனி எஃப்டிடிஐயோட எஃப்டி232ன்னு ஒரு சில்லு ரொம்பப் பிரபலம். பிரபலம்னாலே போலி வரும், மேல அவங்க பேரோடயே வந்தது. 2014 அக்டோபர்ல என்ன ஆச்சு தெரியுமா? கம்பெனி ஒரு புது டிரைவர் விட்டது. விண்டோஸ் அப்டேட் மூலமா உலகம் பூரா கம்ப்யூட்டர்ல அது ஏறிச்சு. போலிச் சில்லு மாட்டினா அதோட அடையாள எண்ணையே பூஜ்யமா மாத்தி எழுதிடுச்சு. நேத்து வரைக்கும் ஓடின கருவியைக் காலையில கம்ப்யூட்டருக்கு அடையாளமே தெரியல. ஏமாத்தினவன் எப்பவோ காசு வாங்கிட்டுப் போயிட்டான், மாட்டினது விவரம் தெரியாம வாங்கினவன். ஊரே கத்தினதுக்கு அப்புறம் டிரைவரை வாபஸ் வாங்கினாங்க. எஃப்டிடிஐ பண்ணது நியாயமான்னு தனியா சண்டை போடலாம், எனக்கு அது அராஜகமாத்தான் பட்டது. ஆனா அன்னைக்கு மலிவு சிஎச்340 வச்சிருந்தவன் நிம்மதியாத் தூங்கினான்.

"நாங்க கடையில பாத்துத்தான் வாங்குவோம்"னு சொல்றீங்களா? அமெரிக்காவுல ஸ்பார்க்ஃபன்னு ஒரு கடை, ஹாபிக்காரங்களுக்குக் கோயில் மாதிரி. 2010-ல அவங்களே ஏடிமெகா328ன்னு நம்பி சில்லு வாங்கி ஏமாந்தாங்க. மேல அச்சு அட்டகாசமா இருக்கு, வேலை செய்யல. உடைச்சுப் பாத்தா உள்ள வேற ஏதோ சில்லு. அதை மூடி மறைக்காம படம் போட்டு ஊருக்கே சொன்னாங்க. அவங்களுக்கே அந்த கதின்னா, சங்கத்துக்கு மூட்டையில கிட் கட்டி அனுப்பறவர்கிட்ட நாம எதை நம்பறது?

பெரிய பேரைப் பாத்து வாங்கிட்டா போதும்ங்கிற கட்சிக்கும் ஒரு குட்டு வைக்கணும். 2003-லேருந்து 2005 வரைக்கும் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்கள்ல கெப்பாசிட்டர் வீங்கி வெடிச்சு ஊரே நாறிச்சு. 2005-ல டெல் இதுக்காக 30 கோடி டாலர் ஒதுக்கினாங்க. அந்த கெப்பாசிட்டர் ஏதோ குடிசைத் தொழில் மால் இல்ல, நிச்சிகான்ங்கிற ஜப்பான் கம்பெனியோடது. இன்னைக்கும் தரம்னா முதல்ல சொல்ற பேர்கள்ல அது ஒண்ணு. ஆக, பேரும் ஜாமீன் இல்ல. கடன் வாங்க வர்ற ஆள் கார்ல வந்தார்ங்கிறதுக்காக நாங்க பேப்பர் பாக்காம விட்டுடறோமா?

அப்ப எதைப் பாக்கணும்? மேல எழுதியிருக்கிறதைப் படிக்கணும். எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மேல 85 டிகிரின்னோ 105 டிகிரின்னோ போட்டிருக்கும். எத்தனை மணி நேரம் தாங்கும்ங்கிறது அதோட டேட்டாஷீட்ல இருக்கும். 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெட்டிப்பாகும்னு ஒரு தோராயக் கணக்கு, கூட்டு வட்டி மாதிரியே. 105 டிகிரியில 2,000 மணி நேரம் தாங்கறது, 65 டிகிரி சூட்டுல ஓடினா 32,000 மணி. ராப்பகலா ஓடினாலும் மூணரை வருஷத்துக்கு மேல. 85 டிகிரியில 1,000 மணி நேரம் தாங்கற மலிவு சரக்கு அதே சூட்டுல 4,000 மணி, அதாவது அஞ்சரை மாசம். கடையில ரெண்டுக்கும் வித்தியாசம் ஓரிரு ரூபாய். நம்ம கேரளத்துலயே கண்ணூர் மாவட்டத்துல கெல்ட்ரான் இந்த கெப்பாசிட்டரை வருஷக்கணக்கா செஞ்சுக்கிட்டிருக்கு. இதுக்கு ஜப்பான் வரைக்கும் போக வேண்டியதில்லை. ஆனா பிள்ளை ஒரு வாரம் எல்.ஈ.டி. மினுக்க வச்சுப் பாக்கற சர்க்யூட்டுக்கு 85 டிகிரியே தாராளம். அங்க போய் 105 கேக்கறது வீண் ஜம்பம்.

இப்படித்தான் ஒவ்வொண்ணா பாக்கணும். இது போனா எனக்கு என்ன போகும்? எல்.ஈ.டி. போனா ஒரு ரூபாய். ரெசிஸ்டர், டப்பா, ஸ்க்ரூ எல்லாம் இருக்கறதுலயே மலிவை வாங்குங்க, நானே அப்படித்தான். பிரெட்போர்டும் ஒயரும் போனா ஒரு பிள்ளையோட சாயந்திரமும் தன்னம்பிக்கையும் போகும். அங்க கஞ்சத்தனம் கூடாது. வேடிக்கை என்னன்னா, கொட்டேஷன் போடறவர் முதல்ல கை வைக்கிறதே அந்த ரெண்டுலதான், ஏன்னா லிஸ்ட்ல அதுக்குப் பேரும் இல்ல, நம்பரும் இல்ல.

பேரமே பேசக் கூடாத இடம்னும் ஒண்ணு இருக்கு: சுவத்து கரண்டும் லித்தியம் பேட்டரியும். 18650ன்னு விரல் கனத்துல ஒரு செல், எமர்ஜென்சி லைட்டுக்கெல்லாம் போடறது. உலகத்துல பேர் போன கம்பெனிகளே அதுல 3,500 மில்லி ஆம்பியர் மணி பக்கம் வரைக்கும்தான் பெரும்பாலும் அடைக்கறாங்க. சந்தையில 9,800ன்னு அச்சடிச்சுக் கிடைக்குது, அதுவும் கால்வாசி விலைக்கு! முப்பது பர்சன்ட் வட்டி தர்றேன்னு சொல்ற சிட்பண்டு மாதிரி, அந்த எண்ணே திருடன் குடுக்கற வாக்குமூலம். கையில தூக்கிப் பாருங்க, நல்ல செல் 45 கிராம் சுமாருக்கு இருக்கும், இது தக்கை மாதிரி இருக்கும். அதை எடுத்து சார்ஜ்ல போட்டுட்டு ராத்திரி தூங்கப் போறோம், பக்கத்து ரூம்ல பிள்ளைங்க. அடாப்டரும் அப்படியே. 230 வோல்ட் பக்கத்துக்கும் பிள்ளை தொடற 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் இடைவெளி விடணும். மலிவு அடாப்டர்காரன் மிச்சம் பிடிக்கறது அந்த மில்லிமீட்டர்ல. 2015-லேருந்து அடாப்டருக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். ஐஎஸ் 13252ன்னும், 'ஆர்' எழுத்துல ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் மேல இருக்கணும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். தளத்துல தேடினா யார் பேர்ல இருக்குன்னு தெரியும். நாங்க கே.ஒய்.சி. பாக்கற மாதிரிதான்.

"என்ன சார், ராக்கெட்டா விடப் போறோம்?"னு கமிட்டியில ஒருத்தர் கேட்டார். 1963 நவம்பர் 21-ல முதல் ராக்கெட் விட்ட தும்பா இருக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு இதைக் கேக்கறார்! ராக்கெட் விடறவங்க பேரைப் பாத்து வாங்கிட்டு நிம்மதியா இருக்கறதில்ல. சாமானைச் சூட்டுலயும் குளிர்லயும் போட்டு வாட்டிப் பாத்து, எந்த லாட்ல வந்ததுன்னு எழுதி வச்சுக்கிட்டுத்தான் மாட்டறாங்க. அவ்வளவு நமக்கு முடியாது. ஆனா ஒரு மல்ட்டிமீட்டர் வச்சு 24 டிரான்சிஸ்டரைச் சோதிக்கக் கால் மணி நேரம் போதும். போன வருஷம் அந்தக் கால் மணி நேரத்தைச் செலவு பண்ண கமிட்டிக்கு மனசு வரல, 5,520 ரூபாய் மிச்சம் பிடிச்சதைப் பாராட்டித் தீர்மானம் போட மட்டும் நேரம் இருந்தது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கௌரவமானது. "தோத்துத் தோத்துத்தான் கத்துக்கணும், நாங்கள்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம்." ஒத்துக்கறேன். எல்.ஈ.டி.யைத் திருப்பிப் போட்டா எரியாது. ஏன்னு யோசிச்சா கண்டுபிடிக்கலாம், அது படிப்பு. மேல ஒரு பேரும் உள்ள வேற சரக்கும் வச்சா, யோசிக்க யோசிக்கத் தப்பான பாதையிலதான் போகும். விடையே தப்பா அச்சான கணக்குப் புத்தகத்தைக் குடுத்துட்டு, நல்லா உழைச்சுப் படின்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

சொந்த ஊரை விட்டு வந்து குடித்தனம் நடத்தற நமக்கு இது இன்னும் உறைக்கணும். கரூர்ல நான் படிச்சப்ப ஒரு சாமான் வேலை செய்யலைன்னா தெருமுனை ரேடியோ கடை அண்ணன்கிட்ட ஓடுவேன். "சாமான்தான் தம்பி போச்சு, நீ சரியாத்தான் பண்ணியிருக்க"ன்னு சொல்ல ஒரு ஆள் இருந்தார். நம்ம பிள்ளைகளுக்கு இங்க அப்படி யார் இருக்கா? அப்பா ஆபீஸ்ல, அம்மாவும் ஆபீஸ்ல, மாமா சித்தப்பா எல்லாம் போன்ல. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லாத வீட்டுல, சாமானாவது பொய் சொல்லாம இருக்க வேண்டாமா? டியூஷனுக்கும் கோச்சிங்குக்கும் வருஷத்துக்கு எவ்வளவு கட்டறோம்னு எனக்குத் தெரியும், அந்த ஈ.சி.எஸ். எல்லாம் எங்க பிராஞ்ச் வழியாத்தான் போகுது.

இந்த வருஷத்துக்கு நான் எழுதிக் குடுத்திருக்கிற திட்டம் இதுதான். போர்டு சொந்தப் பேர்ல வர்ற சிஎச்340 மலிவு போர்டு, இத்தாலி வேண்டாம். பிரெட்போர்டும் ஒயரும் நல்லது. டிரான்சிஸ்டர், சென்சார் எல்லாம் மூட்டை கிட்டுல வேண்டாம். பழவங்காடி கடையில பில்லோட, தலைக்கு ஒண்ணு கூடுதலா. நாலு பிள்ளைக்கு ஒரு மல்ட்டிமீட்டர், முதல் நாள் பாடமே "மாட்டறதுக்கு முன்னாடி சோதி". பதிவு எண் பாத்த அடாப்டர் மட்டும்தான் மேஜைக்கு வரும். லித்தியம் செல் கிடையாது. தலைக்கு 850 ரூபாய் ஆகுது. பணம் கம்மியா இருந்தா வெப்பநிலைக் கருவியை விட்டுட்டு அலாரம் ஒண்ணை மட்டும் உருப்படியாப் பண்ணுவோம்.

மீட்டிங் வர்ற ஞாயித்துக்கிழமை சாயந்திரம். அண்ணாச்சி அதே 560 ரூபாய் கொட்டேஷனை மறுபடி எடுத்துக்கிட்டு வர்றார்னு கேள்வி. சாம்பிள் கிட்டையும் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். நான் காந்தத்தை எடுத்துக்கிட்டுப் போறேன்.